மாமுவுக்கு ஆறு பார்

கணக்கு சரியாக வந்துவிட்டால் முடிவும் சரிதான் என்று நினைப்பது என்னைப் போன்ற இன்ஜினியர்களுக்கு உள்ள வியாதி. அதற்கு மருந்து கிடையாது. என்னிடம் மாட்டியவருக்குத்தான் மாத்திரை கொடுத்தார்கள்.

அப்போது சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் மெஷின்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கம்ப்ரஸரில் காற்றழுத்தம் ஆறு பார் இருக்க வேண்டும். குறைந்தால் மெஷின் தாளைத் தூக்காது, முதலாளி என்னைத் தூக்கிவிடுவார்.

அந்தக் கோடையில், எனக்குப் பெண் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய விருதுநகரிலிருந்து ஒரு பருப்பு வியாபாரி எங்கள் வீட்டுக்கு வந்தார். பெண்ணைப் பெற்ற அத்தா, எனக்கு மாமனாராக வேண்டிய மாமு. பெண் நர்ஸ். போட்டோவைப் பார்த்ததிலிருந்தே, கட்டினால் இவளைத்தான் என்று இருந்தேன். (போட்டோவில் அவள் சிரிக்கவில்லை. அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.) மாமு உட்கார்ந்ததும், வெயிலில் வந்தது லேசாகக் கிறுகிறுக்கிறது என்றார். வேறொருவனாக இருந்தால் மோர் கொடுத்திருப்பான். நான், மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்து பெட்டியிலேயே கிடந்த பிரஷர் மெஷினை எடுத்து வந்தேன்.

மேலே 16, கீழே 10.4 என்று காட்டியது. நூற்றிருபது, எண்பது என்றே கேட்டுப் பழகிய அம்மா பயந்துபோய் சுவரைப் பிடித்துக்கொண்டார். எனக்கோ பெருமை. ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த கிலோபாஸ்கல் என்ற அலகைக் கண்டுபிடித்தது நான் அல்லவா. நூறு கிலோபாஸ்கல் ஒரு பார். அப்படியானால் இவருக்கு இருப்பது 0.16.

"மாமு, உங்களுக்குக் கால் பார்கூட இல்ல. டயரா இருந்தா ரிம்மு தரையத் தொட்டிருக்கும்" என்றேன்.

பிரஷர் குறைந்தால் உப்பு. அது எனக்கும் தெரியும். இரண்டு சொம்பு உப்புத் தண்ணீர், அரைத் தட்டு ஊறுகாய், காரச்சேவு. மறுபடி பார்த்தால் 19. ஏறுகிறது, ஏறுகிறது என்று உற்சாகமாக இன்னொரு சொம்பு கரைத்தேன். 22 வந்தபோது மாமுவின் முகம் மிளகாய் வற்றல் நிறத்தில் இருந்தது.

"தம்பி, ஆறு பாருக்கு இன்னும் எம்புட்டு உப்புத் திங்கணும்?" என்று கேட்டார்.

பதிலுக்குக் காத்திராமல், கடைசியாக ஒருமுறை குரலைக் கேட்டுவிடலாம் என்பதுபோல் மகளுக்குப் போன் போட்டார். அவள் நம்பரையும் ஓரத்து எழுத்தையும் கேட்டாள். ஸ்பீக்கரில் பதில் வந்தது.

"ஏழரையால பெருக்கணும்த்தா. வந்தப்ப நூத்தியிருவது, நல்லாத்தான் இருந்தீக. இப்ப நூத்தி அறுவத்தஞ்சு. அவுக கைல எதையும் வாங்கித் திங்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க."

மாமு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். சம்பந்தம் முறிந்தது என்று என் அத்தா என்னோடு பேசுவதை நிறுத்தினார். நான் தனியாக உட்கார்ந்து அழுதேன், நிஜமாகவே. ஆனால் மறுவாரம் சம்மதம் வந்தது. இப்படி ஒரு ஆள் நர்ஸ் இல்லாமல் ஊருக்குள் நடமாடுவது ஆபத்து என்று அவளே சொன்னாளாம்.

இன்றைக்கும் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் தெர்மாமீட்டரை என் கண்ணில் காட்டமாட்டார்கள். தொண்ணூற்றெட்டு என்று வந்தால் அதை செல்சியஸாக எடுத்துக்கொண்டு, இன்னும் இரண்டு டிகிரியில் பிள்ளை கொதிக்கப் போகிறது என்று தேயிலையைப் போட்டுவிடுவேனாம்.