என் மணிக்கட்டும் இரண்டு துண்டுக் கீபோர்டும்

சட்டைக்கு அளவெடுக்கிறோம். செருப்புக்கு அளவு பார்க்கிறோம். நாள் முழுக்கத் தட்டுகிற கீபோர்டுக்கு மட்டும் ஏன் அளவு கிடையாது? என் கைக்கு என்று தனியாக ஒன்றை நானே செய்துவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவெடுத்தேன்.

நான் அழகுராஜா. கே.கே. நகர் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். வலது மணிக்கட்டில் வலி. "கொஞ்ச நாள் கைக்கு ரெஸ்ட் குடுங்க" என்று டாக்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அதை நான் வீட்டில் கொஞ்சம் விரித்துச் சொன்னேன்.

"தேங்கா துருவக் கூடாதாம். தண்ணி கேன் தூக்கக் கூடாதாம். துணி பிழியவே கூடாதாம்."

"அம்புட்டையும் டாக்டரா சொன்னாரு?"

"வரிசையா சொன்னாரு."

"சரிங்க" என்றாள் என் மனைவி தாமரைச்செல்வி. ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கத்தில் பத்திரம் எழுதுகிறவரிடம் டைப்பிஸ்ட் அவள். மறுகேள்வி கேட்கமாட்டாள். அதை நான் நல்ல குணம் என்று நினைத்திருந்தேன்.

வேலை தொடங்கியது. காகிதத்தில் இரண்டு கைகளையும் வைத்து வரைந்தேன். நடுவிரல் நீளம், சுண்டுவிரல் குட்டை. அதற்கேற்பப் பட்டன்களை ஏற்றி இறக்கி, கீபோர்டை இடது பாதி, வலது பாதி என்று இரண்டாகப் பிரித்தேன். தோள் அகலத்துக்குத் தள்ளி வைத்துக்கொண்டால் மணிக்கட்டு கோணாது. முதலில் அட்டையில் வெட்டி, அதன்மேல் ஒரு வாரம் விரலால் தட்டிப் பழகினேன். எதிர்வீட்டு பட்டாபிராமன் சார் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, உங்க ஆத்துக்காரர் வெறும் அட்டையைத் தட்டிண்டே இருக்காரே, ஒண்ணுமில்லையே?"

"வலி சார்."

"தலையிலயா?"

"கையிலதான். இப்போதைக்கு."

அடுத்து சால்டரிங்; பட்டன்களைச் சர்க்யூட் பலகையில் ஈயம் உருக்கி ஒட்டுகிற வேலை. இரண்டு பாதிக்கும் ஒரே மாதிரிப் பலகைதான். ஒன்றை மட்டும் குப்புறப் போட்டு ஒட்ட வேண்டும். நான் போடவில்லை. சாப்பாட்டு மேஜை விரிப்பில் நாலு ஓட்டை போட்டு முடித்துப் பார்த்தால், இரண்டுமே இடது பாதி.

தாமரை எடுத்துப் பார்த்தாள். "வலது கைக்குத்தான ரெஸ்ட்டுன்னாரு டாக்டரு? சரியாத்தான் செஞ்சிருக்கீங்க."

பிரித்து மறுபடி ஒட்டினேன். மூன்றாவது மாதம் வேலை முடிந்தது. பட்டாபிராமன் சாரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இரண்டு பாதிக்கும் நடுவில் காபி டம்ளரை வைத்துக்கொண்டு, மழை மாதிரி டைப் அடித்துக் காட்டினேன்.

"பேஷ்! வலி எப்படி இருக்கு?"

"வலியா? போயே போச்சு சார்!"

அடுப்படியிலிருந்து தாமரை வந்தாள். ஒரு கையில் தேங்காய் மூடி, மறு கையில் துருவி. "அப்ப இதைத் துருவிருங்க."

சார் இருக்கிறாரே, துருவினேன். மறுநாள் தண்ணி கேன். அதற்கு மறுநாள் போர்வை, ஜமுக்காளம். நாலாம் நாள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முனகினேன்.

"தாமரை, வலி திரும்ப வந்துருச்சு."

"நெசமாவா?"

"உயிர் போகுது."

"அப்ப அந்தக் கீபோர்டு உங்களுக்கு ஒத்துக்கலங்க." இரண்டு பாதியையும் கழற்றித் தன் பையில் வைத்தாள். "நான் ஆபீசுல போட்டுப் பாக்குறேன்."

"உனக்கு எதுக்கு?"

அவள் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். வளையல் ஏறாத அளவுக்கு வீங்கியிருந்தது. "எனக்கு ஆறு வருசமா வலிக்குது. பத்திரம் அடிக்கிறவளுக்கு யாருங்க ரெஸ்ட் குடுப்பா?"

என் கையை வரைந்து, அளந்து, அட்டை வெட்டினேன். பக்கத்தில் சோறு போட்ட கையை ஒருநாளும் பார்க்கவில்லை. தேங்காய் துருவியதும் துணி பிழிந்ததும் அந்தக் கைதான். வெட்கமாக இருந்தது. அன்றைக்கே உட்கார்ந்து பட்டன்களை அவள் விரலுக்கு நெருக்கினேன். தமிழ் எழுத்துகளை ஏற்றிக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். "உயிரெழுத்து பூரா இடது கைக்கு வருது, மெய்யெல்லாம் வலது கைக்கு. நமக்குன்னே பிரிச்ச மாதிரி இருக்குங்க. வலி பாதி கொறஞ்சிருச்சு."

எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். "நம்ம கைவேலைன்னா சும்மாவா?" என்றேன்.

"அதான் நானும் சொன்னேன். எதுத்த ஆபீசு ஜெயக்கொடி அக்கா கேட்டாங்க. செஞ்சு தருவாருன்னுட்டேன்."

"ஏய், எனக்குக் கை வலிக்குதுல்ல?"

"தட்டுனாத்தானங்க வலிக்கும்? இது ஒட்டுறதுதான."

வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. ஜெயக்கொடி அக்கா.

"தம்பி, வீட்ல சும்மாதான் இருக்கீங்களாம்ல, தாமரை சொன்னா. அவசரமில்ல. ஆபீசுல மொத்தம் ஒம்பது பேரு, ஒவ்வொண்ணாக் குடுத்தாப் போதும்."