குக்கர் விசிலோடு பாடிய ப்ளம்பர்

ஹெட்போன் நைனாவைப் போல ஒரு சங்கீத மாணவரை மயிலாப்பூர் கண்டதில்லை. இன்னொருவர் வந்தால் ஊர் தாங்கவும் தாங்காது.

நைனா எங்கள் குடியிருப்பின் ப்ளம்பர், ராயப்பேட்டை ஆள். செகண்ட் ஹேண்டில் தீப்பெட்டி சைஸில் ஒரு எம்பி3 பிளேயர் வாங்கினார். சினிமாப் பாட்டு இருக்கும் என்று நம்பியவருக்கு அதில் கிடைத்தது, அதை முன்பு வைத்திருந்த பெண் பதிவு செய்திருந்த பாட்டு வகுப்பு. ஒரு டீச்சர் மாமி, மோகன ராகத்தில் ஒரே ஒரு பாட்டு.

"அழிச்சுட்டு வேற பாட்டு ஏத்தித் தரட்டுமா?" என்றேன்.

"இன்னா சார் இப்டி சொல்லிட்ட? கிளாஸ் நடந்துகினு கீது!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அன்றிலிருந்து காதிலிருந்து அதை எடுக்கவே இல்லை. எங்கள் சமையலறைக் குழாய்க்கு அடியில் படுத்துக்கொண்டு, "சரிங்க மாமி, தப்புதான் மாமி" என்று கெஞ்சுவார். என் மனைவி அரண்டு போனாள். பஸ்ஸில் பக்கத்து ஆள் தொடையில் தாளம் போட்டு அடி வாங்கப் பார்த்தார். மீன் குழம்பைக் கிளறிக்கொண்டே ஸ்வரம் சொல்கிறாரென்று அவர் சம்சாரம் என்னிடம் வந்து ஒரு மூச்சு அழுதுவிட்டுப் போனாள்.

ஒரு நாள் முகம் செத்துப்போய் வந்தார். "சார், சரணம் இல்ல சார்!"

உண்மைதான். பல்லவி, அனுபல்லவி ஆனதும் 'சரணம் அடுத்த வாரம்' என்று மாமி சொல்வதோடு பதிவு முடிந்துவிட்டது. போனில் தேடினால் அதே பாட்டு ஆயிரம் கிடைக்குமே என்றேன்.

"அது வேற யாரோ சார். நம்ம மாமி சொல்லித் தரணும். பாதிப் பாட்டோட நான் எப்டி சார் இருக்கறது?" கண் கலங்கிவிட்டது மனிதருக்கு.

'மாடவீதியில தேர் வரது, சீக்கிரம் முடிச்சுக்கலாம்' என்று மாமி ஓரிடத்தில் சொல்லியிருந்தார். அப்போது பின்னால் ஒரு மோட்டார் முனகியதாம். "பேரிங் போன மோட்டாரு சார். இந்தக் காது ஏமாறாது." தினமும் காலையில் எல்லோரும் தண்ணீர் ஏற்றும் நேரத்தில், மாடவீதிச் சந்துகளில் கேட் கேட்டாகக் காதை வைத்துக்கொண்டு நடந்தார். எட்டாம் நாள் என்னை இழுத்துக்கொண்டு போய் ஒரு பழைய வீட்டின் முன் நிறுத்தினார். உள்ளே மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. அடப்பாவி மனுஷா!

ஒரு மாமி வந்து கதவைத் திறந்தார். நைனா கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்துவிட்டார். பல்லவி. அனுபல்லவி. நடுவில் மூன்று குக்கர் விசில், ஒரு இருமல், "இருடி, கேஸை அணைச்சுட்டு வரேன்." பிறகு விட்ட இடத்திலிருந்து பாட்டு. எல்லாம் பாட்டில் சேர்ந்ததுதான் என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறார்! மாமி கதவைப் பிடித்துக்கொண்டார்.

"எங்காத்து குக்கர்னா இது!" என்றார் மாமி. "இதைப் பதிவு பண்ணிண்டு போன பொண்ணு அடுத்த வாரம் வரவே இல்லை. கல்யாணமாகி வெளிநாடு போயிட்டா. நான் சரணத்தை வெச்சுண்டு காத்துண்டிருந்தேன்."

"அதான் நான் வந்துட்டேனே மாமி."

மாமி கதவை அகலத் திறந்தார். "உள்ள வாங்கோ. விசில் மட்டும் வேண்டாம்."

இப்போது நைனாவுக்கு வாரம் இரண்டு நாள் வகுப்பு. மாமி வீட்டு மோட்டாருக்குப் புது பேரிங். எங்கள் சமையலறைக் குழாய்தான் அரைகுறையாய் நிற்கிறது. "அடுத்த வாரம் சார்" என்று சொல்லியிருக்கிறார். வேறு ஆளைக் கூப்பிடுங்கள் என்று மனைவி தினமும் சத்தம் போடுகிறாள். எனக்குத்தான் மனசு வரவில்லை. சொட்டினால் சொட்டட்டும், நைனாவே வரட்டும்.