ஐயப்பனுக்குப் பனி

இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. சத்தியம் பண்ணச் சொன்னால், ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாதக் காற்றில், வேட்டியை இரண்டு கையாலும் பிடிக்காமல் நின்று பண்ணலாம். தோவாளைப் பக்கம் அதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது. சாட்சியும் உண்டு. மின்சாரக் காற்றாடிக் காட்டுக்குப் போகிற மண்பாதை முக்கில் சுடலையாண்டியின் டீக்கடை. அங்கே கேட்டால் சொல்வார்கள்.

2009 ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஞானசிங்கின் கம்பெனியில் மூன்று பேர் ஒரே நேரத்தில் காலை வாரிவிட்டார்கள். ஐயப்பனுக்குக் காய்ச்சல். சுடலையாண்டிக்குக் கழுத்தில் அடி. ரசலையனுக்கு உடம்பில் ஒன்றுமில்லை. தன்னை ஒருமுறைகூட ஜெயிக்க விடவில்லை என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான். மறுநாளோ, முட்டம் கடற்கரையில் கம்பெனியின் முதல் பெரிய காட்சி.

கம்பெனி என்றால் மல்யுத்தக் கம்பெனி. அது இருந்தது கம்ப்யூட்டருக்குள். நாகர்கோவிலில் வாங்கிய ஒரு சிடி. அந்த விளையாட்டில் அடியையும் குத்தையும் கண்ணால் பார்க்க முடியாது. பேரும் எண்ணும் கட்டமும்தான். விளையாடுகிறவன் முதலாளி. ஆள் எடுக்கலாம், யாரோடு யார் மோதுவது, யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே எழுதலாம். ஜெயித்தவன் சந்தோஷப்படுவான். தோற்றவன் கோபித்துக்கொள்வான். கோபித்தவன் அடுத்த வாரம் ஒழுங்காக விழ மாட்டான்.

பட்டியலில் இருந்த வெள்ளைக்காரப் பெயர்கள் ஞானசிங்கின் நாக்கில் நிற்கவில்லை. அதனால் அக்கம்பக்கத்து ஆட்களையே வீரர்களாக்கியிருந்தான். வெளியே நாற்பத்தெட்டு கிலோ இருந்த டீக்கடை சுடலையாண்டி உள்ளே நூற்றுநாற்பது கிலோ, பட்டப்பெயர் ‘கணவாய்ப் புயல்’. ஆடு மேய்க்கிற ஐயப்பன், ‘அருமனை ஆனை’. சைக்கிள் கடை ரசலையன், ‘இரும்புச் செயின்’. கம்பெனியின் பெயர், அகில உலக அருமனை மல்யுத்தக் கழகம்.

ஞானசிங்குக்குச் சம்பளம் தந்த உத்தியோகம் வேறு. சென்னையில் தலைமை அலுவலகம் வைத்திருந்த ஒரு காற்றாலைக் கம்பெனிக்கு ஆரல்வாய்மொழியில் பொறுப்பாளன். இரண்டு வருஷமாகத் தற்காலிகம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை, ஒரு கம்ப்யூட்டர், சன்னலுக்கு வெளியே எட்டுக் காற்றாடி. மாலையானால் எட்டையும் எண்ணி, சுற்றுகிறதா நிற்கிறதா என்று பட்டியல் போட்டுச் சென்னைக்கு மின்னஞ்சல் அனுப்பவேண்டும். காற்றாடியின் கதவைத் திறந்து உள்ளே போய் எண்ணெய் போடுவது நாராயணபெருமாள். காக்கிச் சட்டை, அதிகம் பேசாத மனிதர்.

எட்டை எண்ண எவ்வளவு நேரம் ஆகும்? மீதி நேரமெல்லாம் ஞானசிங்குக்கு இருப்புக்கொள்ளாது. உட்காருவான், எழுவான், சன்னலைச் சாத்துவான், திறப்பான். காற்றும் அவனை இருக்கவிடாது. அந்தக் கணவாயில் நின்று ஒருவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வள்ளியூரில் அதே பேருள்ளவன் ‘என்ன?’ என்று கேட்பான். மேசையில் வைத்த டீ டம்ளர் தானாக நடந்து ஓரத்துக்கு வந்து, ஞானசிங் பார்த்தால் நின்றுகொள்ளும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அருமனையிலிருந்து நேசபாய் போனில் கூப்பிட்டாள். அவன் கட்டிக்கொள்ளப்போகும் அபினாவின் அம்மா.

"மருமவனே, நிரந்தர ஆர்டரு வந்துதா?"

"வரும் மாமி."

"வரும் வரும்னு ரெண்டு வருசமாச்சு. நிச்சயத்துக்கு இனி பன்னெண்டு நாளுதான் கெடக்கு. ஆர்டரக் கண்ணால காணாம அபினாக்க அப்பா மோதிரம் மாத்த விடமாட்டாரு. தக்கலையிலேருந்து வேற ஒரு எடமும் கேட்டுக்கிட்டு இருக்கு, பாத்துக்கிடுங்க."

போனை வைத்தபோது ஞானசிங்கின் கால் மேசைக்கடியில் தையல் மெஷின் மிதித்தது. அந்தப் பதற்றத்தில் பட்டியலைச் சென்னைக்கு அனுப்பினான். யாராவது வந்து பார்த்தால் ஆபீஸ் வேலை மாதிரித் தெரியட்டும் என்று, மல்யுத்தக் குறிப்புகளையும் அதே பட்டியலின் கடைசிக் கட்டத்தில்தான் எழுதிவந்தான். தினமும் அதை அழித்துவிட்டு அனுப்புவான். அன்று அழிக்கவில்லை.

மறுநாள் காலை சென்னை மேனேஜர் ராஜகுமார் கூப்பிட்டார்.

"ஞானசிங், ஐயப்பன் யாரு?"

ஞானசிங் எழுந்து நின்றான்.

"‘ஐயப்பனுக்குப் பனி, மூன்று நாள்’னு எழுதியிருக்கீங்க. பணிக்கு மூணு சுழி வரணும். பரவாயில்ல, நானே திருத்திட்டேன். யாரைக் கேட்டு அவனுக்கு வேலை குடுத்தீங்க?"

அருமனைப் பக்கம் காய்ச்சலுக்குப் பனி என்று பேர். பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். சென்னையில் பனி என்றால் மார்கழியில் பெய்வது, அவ்வளவுதான். காய்ச்சல் என்று விளக்கலாம். யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டால் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறவனுக்கு என்று சொல்லவேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடிய ஒருத்தரை ராஜகுமார் போன மாதம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

"புல்லு வெட்ட சார். மூணு நாளைக்கு மட்டும்."

"சுடலையாண்டிக்குக் கழுத்தில் அடின்னு இருக்கே. வேலை நேரத்திலயா?"

"லேசாத்தான் சார்."

"ரசலையன், ஜெயிக்க விடாததால் கோபம். எதுல ஜெயிக்க? யூனியன் தேர்தலா?"

"அந்த மாதிரிதான் சார்" என்றது ஞானசிங்கின் வாய், அவனைக் கேட்காமல்.

"யூனியன் வரைக்கும் போயாச்சா? நாளைக்கு நானே வர்றேன். மூணு பேரும் என் முன்னாடி நிக்கணும்."

ஞானசிங் டீக்கடைக்கு ஓடினான். எதிர்காற்று, நூறு அடி தூரத்துக்கு இருபது நிமிஷம் ஆனது. சுடலையாண்டி பொறுமையாகக் கேட்டார்.

"நிக்கலாம் மக்கா. காக்கிச் சட்டை போட்டுக்கிட்டே நிக்கலாம். ஆனா ஒண்ணு கேக்கேன், எனக்கக் கழுத்துல அடிச்சது யாரு?"

"அது... ஐயப்பன் அண்ணாச்சி. வெளயாட்டுக்குத்தான்."

"ஆடு மேய்க்கியவனா? ஏலே, அவன் எனக்கக் கடையில கடன் சொல்லி டீ குடிக்கியவன்! அவன்கிட்ட தோத்தவன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன்லே இங்க வடை திம்பான்? சாம்பியன் பட்டத்த எனக்குத் தா. வாறேன்."

"தாறேன் அண்ணாச்சி. உங்களுக்குத்தான்."

ஐயப்பனை ஆட்டுக் கூட்டத்துக்கு நடுவில் பிடித்தான். ஞானசிங்கைப் போல அவனும் அருமனைக்காரன்.

"எனக்குப் பனின்னு எழுதிப் போட்டீயளாமே? பனி பிடிச்சவன்னா எவன் ஆட்ட நம்பித் தருவான்? மொதல்ல பனிய மாத்தும். பொறவு பட்டத்தத் தாரும்."

"ரெண்டும் செஞ்சு தாறேன்."

ரசலையன் பஞ்சர் ஒட்டிக்கொண்டே பட்டம் என்று ஒரே வார்த்தை சொன்னான். அவனுக்கும் ஞானசிங் தலையாட்டினான்.

அறைக்குத் திரும்பி விளையாட்டைத் திறந்தால், இருப்பதோ ஒரே பட்டம். ஆகவே மூன்று பட்டம் உண்டாக்கி ஆளுக்கொன்று மாட்டினான். ஒரே ராத்திரியில் எல்லாரும் சாம்பியன்களாகிவிட்டதால் யாரும் யாரையும் அடிக்க வரவில்லை. கழகத்தின் பட்டங்களுக்கு ரசிகர்களிடம் மதிப்பில்லை என்று விளையாட்டு அறிவித்தது. முட்டம் காட்சிக்கு வந்தவர்கள் மொத்தம் பதினொரு பேர். அதில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்களாக இருக்கும் என்று ஞானசிங் நினைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை ராஜகுமார் வந்தார். காரிலிருந்து இறங்கியதும் காற்று அவருடைய கழுத்துப்பட்டையைத் தூக்கி முதுகுக்கு மாற்றியது. அதைக்கூடக் கவனிக்காமல் காற்றாடிகளை அண்ணாந்து பார்த்தார், கடலை முதல்முறை பார்க்கிறவன் மாதிரி.

"இவ்ளோ பெரிசா இருக்குமா!" என்றார். அதற்குப் பிறகு காற்றாடியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று பேரும் காக்கியில் நின்றார்கள். ராஜகுமார் ஐயப்பனிடம் காற்றை மீறிக் கத்தினார்.

"உனக்கு இங்க என்ன பணி?"

"பனியெல்லாம் மாறியாச்சு சார்! இப்ப நல்ல சொகமாட்டு இருக்கேன்!"

"மாறியாச்சா? அப்போ இப்ப என்ன பணி?"

"இப்ப ஒரு பனியும் இல்ல சார்! ஞானசிங்குதான் போட்டாரு, அவரே எடுத்துட்டாரு!"

ராஜகுமார் ஞானசிங்கைப் பார்த்தார். ஞானசிங் தன் செருப்பைப் பார்த்தான். அவர் ரசலையனிடம் திரும்பினார்.

"யூனியன் தலைவர் நீதானா?"

"தலைவரோ என்னவோ, பட்டம் எனக்குத்தான்" என்றான் ரசலையன்.

"ஒனக்கா?" என்றார் சுடலையாண்டி. "யாருலே சொன்னது?"

"ஞானசிங்கு."

"எனக்குல்லா தந்தான்!"

"அப்பம் நான் எதுக்கு ஆட்ட விட்டுக்கிட்டு வந்தேன்?" என்று ஐயப்பன் கம்பைக் கீழே போட்டான்.

நாற்பத்தெட்டு கிலோ சுடலையாண்டி ரசலையனின் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். ஐயப்பன் இருவரின் கழுத்தையும் பிடித்தான். அந்த நேரம் பார்த்துக் காற்று பின்னாலிருந்து ஒரு தள்ளு. மூன்று பேரும் ஒரே பந்தாகி, உடைமரத்தில் இரண்டு தரம் மோதி, மூன்றாம் காற்றாடிவரை உருண்டு போனார்கள். காற்றாடிக்குள்ளிருந்து நாராயணபெருமாள் வெளியே வந்தார். மூன்று பேரையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தார். மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"என்ன இது?" என்றார் ராஜகுமார்.

"பாதுகாப்புப் பயிற்சி சார். காத்துல விழுந்தா எப்படி எழும்பணும்னு."

ராஜகுமார் குறிப்பேட்டில் எதையோ எழுதினார். காரில் ஏறிப் போனார்.

வேலை போய்விட்டது என்று ஞானசிங்குக்குத் தெரிந்துவிட்டது. தக்கலைக்காரன் பட்டு வேட்டியோடு கண் முன்னால் வந்து நின்றான். நாலு மணிக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது. ஐந்து மணிக்குத் தொட்டால் சுட்டது. விளையாட்டில் ஐயப்பனுக்கு எழுதியது அவனிடமே வந்துவிட்டது. இரண்டு நாள் எண்ணவும் இல்லை, அனுப்பவும் இல்லை. மூன்றாம் நாள், கேட்காமல் லீவு எடுத்தான் என்ற கெட்டபெயரும் எதற்கு என்று எழுந்து, இரண்டே வார்த்தை தட்டிச் சென்னைக்கு அனுப்பினான்.

‘எனக்குப் பனி.’

நிச்சயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது கூரியர் வந்தது. உறையைப் பிரிக்கத் தைரியமில்லாமல் மூன்று தரம் மேசையைச் சுற்றி வந்து, நாலாவது சுற்றில் பிரித்தான்.

‘எனக்குப் பணி என்று தாங்கள் அனுப்பிய விண்ணப்பம், எழுத்துப்பிழை திருத்தப்பட்டு, பரிசீலிக்கப்பட்டது. பாதுகாப்புப் பயிற்சியில் தாங்கள் காட்டிய ஆர்வத்தை நேரில் கண்ட மேனேஜரின் பரிந்துரைப்படி, ஆரல்வாய்மொழியில் நம் கம்பெனியின் காற்றாடிகளுக்குத் தாங்கள் நிரந்தரப் பொறுப்பாளராக நியமிக்கப்படுகிறீர்கள்.’

காய்ச்சல் அந்த நிமிஷமே இறங்கியது. நேசபாய்க்குப் போன் போட்டான்.

"ஸ்தோத்திரம்! எத்தன காத்தாடி மருமவனே?"

"எட்டு மாமி."

"எட்டும் உங்க கைக்குள்ளயா? ஏட்டி அபினா, எட்டாம்டி! மருமவனே, அபினாக்க அப்பா சட்டையப் போட்டாச்சு. காத்தாடியக் கண்ணால காணணுமாம். அடுத்த பஸ்ஸுக்கு வாறாரு."

ஞானசிங் ஆர்டரை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு டீக்கடைக்குப் போனான். எல்லாருக்கும் டீ சொன்னான். சுடலையாண்டி கேட்காமலே இரண்டு கரண்டி சீனி கூடுதலாகப் போட்டார். ஐயப்பனும் ரசலையனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அதே பெஞ்சின் மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த நாராயணபெருமாள் கையை நீட்டினார். ஆர்டரை வாங்கி, விரல் வைத்து, மெதுவாக வாசித்தார்.

"காற்றாடிகளுக்குன்னு போட்டிருக்கே. எந்தக் காத்தாடி?"

"என்ன அண்ணாச்சி களியாக்குதீய? நீங்க தெனமும் எண்ணெ போடுற அந்த எட்டும்தான். ரெண்டு வருசமா நான் எண்ணி அனுப்புறதுல்லா!"

"சன்னல் வழியா எண்ணுவே, பாத்திருக்கேன்" என்றார் நாராயணபெருமாள். "பாவம், பொழுது போகலியோன்னு நெனச்சேன்."

மிச்ச டீயைக் குடித்து, டம்ளரைக் கவிழ்த்துவைத்தார்.

"அது எங்க கம்பெனிக்கக் காத்தாடில்லா மக்கா. ஒங்க கம்பெனிக்கது இன்னும் கப்பலே ஏறல."

சாட்சி என்று சொன்ன அந்தச் சுடலையாண்டியின் டீக்கடையை, இதெல்லாம் நடப்பதற்கு இரண்டு ஆடிக்கு முன்பே காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது.