மூன்று கால் காட்டெருமை

இப்படியும் ஒரு அக்கிரமம் நடக்குமா? ஆர்வில் டன்ஹாம் மேஜை இழுப்பறையைக் கவிழ்த்துக் கொட்டினார். நாணயத்தைக் காணோம்!

சாதாரண நாணயமா அது? 1937-ல் டென்வர் நாணயச்சாலையில் எவனோ அச்சை அளவுக்கு மீறித் தேய்த்துத் தொலைத்ததில், அந்த ஐந்து சென்ட் நாணயத்தில் பொறித்திருந்த காட்டெருமையின் முன்னங்கால் ஒன்று போயே போய்விட்டது. அந்த நொண்டி மாட்டுக்குத்தான் அமெரிக்கா முழுக்க அடிதடி.

ஆர்வில் அதை மில்டனின் நாணயக் கடையில் அறுநூறு டாலருக்கு வாங்கியிருந்தார். மனைவி வெர்னாவிடம் சொன்னதோ, "ஆப்பிள் பை தின்னேன், மீதிச் சில்லறையில வந்துச்சு!" பொய் நம்பும்படி இருக்கவேண்டுமே! அசல்தான் என்று சான்று ஒட்டி மூடியிருந்த பிளாஸ்டிக் பெட்டியைச் சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போட்டார். நாணயம் சேர்ப்பவன் எவனும் செய்யத் துணியாத பாவம். அழுதுகொண்டேதான் உடைத்தார்.

"வெர்னா! இங்கிருந்த நாணயம் எங்கே?"

"அந்த அஞ்சு சென்ட்டா? மில்டன் கடையில விக்கக் குடுத்துட்டேங்க."

"என்னைக் கேக்காமலா? அது என்ன விலைன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாதே. நீங்கதான் சொல்லுங்களேன்."

ஆர்வில் கொட்டியதையெல்லாம் இழுப்பறைக்குள் திரும்ப அள்ளிப் போட்டார்.

"சில்லறையில வந்த சனியனுக்கா இந்தக் குதி குதிக்கிறீங்க? ரத்தக்கொதிப்பு மாத்திரை போட்டீங்களா, இல்லையா?"

கட்டின புருஷன் பொருளை விற்றுவிட்டு மாத்திரையைப் பற்றிக் கேட்கிறாளே! நியாயமா இது? சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. தூண்டிமுள் வாங்கப் போவதாக முணுமுணுத்துவிட்டு வண்டியை விரட்டினார்.

"மில்டன்! என் மாட்டைக் குடுய்யா!"

"எழுநூத்தம்பது டாலர்."

"பகல் கொள்ளையா இருக்கே! போன மாசம் நீதானே அறுநூறுக்குக் குடுத்தே?"

"என்கிட்ட ஏன் கத்துறீங்க? விலை வச்சது உங்க வீட்டம்மா. குப்பையில பொறுக்கின பிளாஸ்டிக்கு, சான்றுச் சீட்டு எல்லாத்தையும் கொண்டாந்து போட்டாங்க. 'ஒருத்தர் மூச்சு வாங்க ஓடி வருவார், ஒரு சென்ட் குறைக்காதே'ன்னு உத்தரவு."

ஆர்வில் பல்லைக் கடித்தார். வேறொருவன் கைக்கு அது போவதை நினைத்தாலே வயிறு எரிந்தது. காசோலைப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் ஓங்கி அடித்தார்.

"எழுதித் தொலைக்கிறேன். உன் பேருக்கா, கடை பேருக்கா?"

மில்டன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"வெர்னா டன்ஹாம்னு எழுதச் சொன்னாங்க."