குகதாசன் அத்தானின் காது

ஜெயபுரம்,
வியாழக்கிழமை.

பாசமும் பயமும் சரிபாதி வைத்திருக்கும் பத்மாசனி அக்காவுக்கு, தம்பி பரமலிங்கம் எழுதிக்கொள்வது.

இங்கே நான் சுகம், மனுசி விமலேஸ்வரி சுகம், அறுத்துக் காயப்போட்டு மழையில் நனைந்த நெல்லைத் தவிர மற்றதெல்லாம் சுகம். என் மகள், உங்கள் மருமகள் யதுர்ஷிகா மட்டும் நாலு நாளாக என்னோடு கதைப்பதில்லை. ஏன் என்று போனில் சொன்னால் நடுவிலே புகுந்து என்னை ஏசுவீங்கள். கடிதத்துக்குள் புக வழியில்லை. ஏழாம் வகுப்போடு நின்றவனின் எழுத்து, பிழை கண்டால் வாத்தியாரைக் கோபியுங்கள்.

போன ஞாயிறு கிளிநொச்சியில் படக்கதை விழா. பெரிய கொம்பனி ஒன்றும் நடத்துவதில்லை, பிள்ளைகள் தாங்களே படம் கீறி, தாங்களே அச்சடித்து, நடுவில் இரண்டு கம்பி குத்திக் கொண்டுவந்து அடுக்குவது. ரியூசனுக்குப் போகும் எருமை மாடு ஒன்றின் கதையைக் கீறி, யதுர்ஷிகாவும் ஒரு மேசை பிடித்திருந்தாள். "அப்பா, வந்து பேசாமல் நிண்டால் போதும். பகிடி ஒண்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் போய்விட்டாள். நான் அடுத்த பஸ். அது பரந்தனில் படுத்துவிட்டது, இறங்கின அவசரத்தில் குடை உள்ளே தங்கிவிட்டது, மழையில் ஓட செருப்பு வார் அறுந்தது, நனையாமல் போய்ச் சேர்ந்தது என் பைல் ஒன்றுதான். படம் பார்க்கப் போறவனுக்கு பைல் என்னத்துக்கு என்று கேட்காதீங்கள், எங்கே போனாலும் அதைக் கொண்டுபோகப் பழக்கினதே நீங்கள்தான். அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகர் கடிதம், அத்தானைக் காணவில்லை என்று நாங்கள் கொடுத்த முறைப்பாடு எல்லாம் அதற்குள். மேசையும் பேனையும் கண்டால் என் கை தானாகவே அதை நீட்டும்.

விழா நடந்ததோ அதே மண்டபம் அக்கா. அத்தானின் விபரம் கொடுக்கப் போய் நீங்கள் மயங்கி விழுந்த மண்டபம். அதே வரிசை மேசை, அதே நீலப் பிளாஸ்ரிக் கதிரை. உள்ளே கால் வைத்ததும் மகளும் மறந்துபோனாள், எருமையும் மறந்துபோனது. ஒரு மேசைக்கு முன்னால் சனம் வரிசையில் நின்றது, 'ஐந்து நிமிடத்தில் உங்கள் முகம்' என்று எழுதியிருந்தது. முகம் என்ற சொல் மட்டும்தான் என் கண்ணில் பட்டது. போய் நின்றேன்.

மேசையில் தனுஷா என்றொரு பிள்ளை பென்சிலோடு இருந்தாள். "இருங்கோ ஐயா. கொஞ்சம் சிரிச்சுக்கொண்டிருங்கோ" என்றாள். விபரம் எடுக்கிறவர்கள் சிரிக்கச் சொன்னது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. நாடு முன்னேறிவிட்டது என்று நினைத்து, பைலைத் திறந்து ஒப்பித்தேன். "கணபதிப்பிள்ளை குகதாசன், அக்காவின்ரை மனுசன். உயரம் அஞ்சடி ஏழு. கடைசியாக் கண்டது ரெண்டாயிரத்தொன்பது மாசி, புதுக்குடியிருப்பு றோட்டிலை…"

பென்சில் நின்றது. "ஐயா, இது வாறாக்களின்ரை முகத்தைப் பகிடியாக் கீறுற மேசை."

வெட்கத்தில் எழும்பினேன். அவள் விடவில்லை. "அவரின்ரை போட்டோ ஒண்டும் இல்லையோ?"

"இல்லைப் பிள்ளை. அல்பம் இருந்த பெட்டி தண்ணிக்குள்ளை போயிட்டுது."

"அப்ப இருந்து சொல்லுங்கோ. அவர் சிரிச்சால் எப்பிடி இருக்கும்?"

பதினாறு வருசமாக நாங்கள் எத்தனை மேசைக்கு முன்னால் இருந்திருப்போம். திகதி கேட்டார்கள், இடம் கேட்டார்கள், சாட்சி கேட்டார்கள். சிரித்தால் எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. திறந்த பைலை மூடி வைத்தேன்.

சொன்னேன். ஒரு பக்கத்தால்தான் சிரிப்பார், மேல்பல்லில் ஒன்று உடைவு, உடைத்தது நான் எறிந்த பந்து. காது பெரிசு. இல்லை என்று இப்பவும் சண்டைக்கு வருவீங்கள், அது தெரிந்தும் "இன்னும் பெரிசு பிள்ளை" என்றேன். அழித்துக் கீறினாள். "இன்னும்" என்றேன். அதற்குள் யதுர்ஷிகா ஓடிவந்தாள். "அப்பா, எழும்புங்கோ! அஞ்சு நிமிசத்து மேசையிலை முக்கால் மணித்தியாலமா இருக்கிறியள்!"

வரிசை எனக்கு அடிக்கப்போகுது என்றுதான் பயந்தேன். எனக்குப் பின்னால் நின்ற உம்மு ஹானி என்ற முல்லைத்தீவு அம்மா மெல்லக் குனிந்து, "மகள், எனக்கு என்ட முகம் வேணாம். தொண்ணூறில எங்கள வெளிக்கிடச் சொன்னப்ப விட்டுட்டுப் போன எங்கட வீட்டைக் கீறித் தருவீங்களா? நாலு யன்னல், முன்னுக்கு மாதுளை" என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர், தன் முறை வரமுன்னமே, மகனின் நெற்றியைச் சொல்லத் தொடங்கிவிட்டார். பகிடிப் படத்துக்கு வந்த வரிசை செத்தவீட்டு வரிசையாகிப்போனது. தனுஷாவுக்குக் கடதாசி முடிய, மற்றப் பிள்ளைகள் தங்கள் மேசையை விட்டுவிட்டுக் கடதாசியோடு வந்தார்கள். எருமையைத் திரும்பிப் பார்க்க ஒரு சனம் இல்லை. மகள் கதைக்காதது இதற்குத்தான், நியாயம்தான்.

இனிப் படத்தின் கதை. அது அத்தானைப் போலில்லை. சங்கக்கடை மனேச்சரைப் போல ஆரோ ஒருவர். அத்தானுடைய முகம் நினைவில் மங்கிக்கொண்டு போகுது என்று போன தைப்பொங்கலுக்குச் சொன்னீங்கள். பிழையான முகத்தைக் கொண்டுவந்து தந்தால், உங்களிடம் மிச்சமிருக்கிறதையும் அது மூடிவிடும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். கலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டேன். கேட்காதீங்கள்.

வற்றாப்பளை அம்மன் உங்கள் முழங்காலையும் என் வாயையும் ஒருசேரப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்களிடம் பேச்சு வாங்கியே வளர்ந்த
பரமலிங்கம்.

பி.கு.: கலண்டருக்குப் பின்னால் என்றது பொய். படத்தை முன்னால் விரித்து வைத்துக்கொண்டுதான் இவ்வளவும் எழுதினேன். உறை ஒட்டக் கோந்து கேட்டு விமலேஸ்வரியைக் கூப்பிட்டேன். வயலிலிருந்து வந்தவள் மேசையைப் பார்த்ததும், தூக்கிச் செருகியிருந்த சேலையைச் சட்டென்று இறக்கிவிட்டாள். அத்தான் வாசல் படலையில் நின்றால் செய்வாளே, அதே மாதிரி. ஆர் என்று நான் சொல்லவேயில்லை. பிறகு, உங்களுக்காகக் காதைச் சின்னனாக்கிப் பார்ப்போம் என்று மகளின் அழிறப்பரால் அழித்தேன். அத்தான் போய்விட்டார். பயந்துபோய், அழித்த தடத்தின் மேலேயே திரும்ப இழுத்தேன். வந்துவிட்டார். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் அத்தானை உங்களிடம் வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு வாறன். காது பெரிசுதான் என்று ஒப்புக்கொண்டுதான் நீங்கள் படலை திறக்கவேணும்.