பகிஷ்காரப் பூட்டு

"சாராயக் கடையை மூடு."

குணசுந்தரி மைக்கில் இதைச் சொன்னதும் உருக்காலைச் சங்கச் செயலாளர் அருணகிரியின் முகம் செத்துவிட்டது. எதை வேண்டுமானாலும் பேசு, அதை மட்டும் கேட்காதே என்று சொல்லித்தான் அவளை மேடையேற்றியிருந்தார். கும்மிடிப்பூண்டிக் கடையை ஏலமெடுத்த சுப்பராயன் எதிர்க்கட்சிக்குத் தாவிவிட்டான். அவனிடம் குடிக்காதே என்பதுதான் பகிஷ்காரம். குடிக்காதே என்பதல்ல.

அவளுக்கு அது போதாது. அப்பா லோகநாதன் குடித்துவிட்டு அறைந்ததில் அம்மா கனகாம்பாளின் இடது காது செவிடாகியிருந்தது. வலது காதாவது மிஞ்ச வேண்டும். தெருவிலேயே முதல் பி.ஏ. அவள். கேட்கக் கூடாததைக் கேட்காமலிருந்தால் எட்டாவதோடு நிறுத்தியிருப்பார்கள்.

பெண்கள் அன்றைக்கே ஊர்வலமாகப் போய்க் கடைக்குப் பூட்டுப் போட்டார்கள். கடை வாசலில் மீன் வறுத்து விற்கும் ஞானம்மா மட்டும் மண்ணை வாரித் தூற்றினாள்.

"பூட்டுங்கடி. கடை எங்க போவுதோ அங்கதான் என் சட்டியும் போவும்."

மறுநாள் உருக்காலையில் பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. ரயிலேறி, எல்லை தாண்டித் தடாவுக்குக் குடிக்கப் போயிருந்தார்கள்.

"ஆந்திராவுல குடிச்சா பகிஷ்காரத்துல சேராதும்மா," என்றார் அருணகிரி. "அங்க ஊத்துறவன் இன்னா கட்சின்னு நமக்கு இன்னா தெரியும்?"

"அப்போ ஆந்திராவையும் சேத்துக்குங்க."

"பேஜாரு புடிச்ச பொண்ணும்மா நீ."

பெண்கள் துடைப்பத்தோடு ஸ்டேஷனில் நின்றார்கள். ஆட்கள் ரயிலேறுவது நின்றது. பதிலுக்குச் சரக்கு ரயிலேறி வந்தது. பால் கேன்களில், சங்க ஆபீசுக்கே. போராட்டத் தியாகிகளுக்காம். குணசுந்தரி போய், கொடிக்கம்பத்தடியில் கேன்களைக் கவிழ்த்தாள்.

"கடை இல்ல, ரயில் இல்ல, ஆபீசும் இல்ல," என்றார் அருணகிரி. "நாங்க எங்கதாம்மா போறது?"

"ஊட்டுக்குப் போங்க."

அவர் காலியான கேன் ஒன்றை நிமிர்த்தி வைத்தார்.

"நல்ல யோசனைதான்," என்றார்.

அதற்குப் பிறகு ஊரே அடங்கினாற்போலிருந்தது. அப்பா குடிக்காமல் வீட்டுக்கு வந்தார். முன்னறைக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கினார். இரண்டு நீள பெஞ்சுகளும் வந்து இறங்கின.

"இன்னா நைனா இதெல்லாம்?"

"சங்கத்துப் படிப்பகம் வருது பாப்பா. பி.ஏ. படிச்ச பொண்ணு இருக்கிற ஊட்டுல படிப்பகம் வெக்காம வேற எங்க வெப்பாங்க? பேப்பர் வரும். நாலு பேரு வந்து குந்துவான். நீதான் பாத்துக்கணும்."

கனகாம்பாள் வலது காதைத் திருப்பி இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். அம்மாவுக்குச் சிரித்தால் கன்னத்தில் குழி விழும் என்பதே குணசுந்தரிக்கு அன்றுதான் தெரிந்தது.

சனிக்கிழமை காலை, அவள் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, அடுப்பைத் தலையில் சுமந்துகொண்டு ஞானம்மா வந்தாள். திட்டப் போகிறாள் என்று குணசுந்தரி நிமிர்ந்தாள். ஞானம்மா சிரித்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்க பாப்பா. சட்டிய ஜன்னலாண்ட வெக்கச் சொன்னாரு உங்கப்பாரு. உன் ஊட்டு வாசல்ல எவளும் மறியலுக்கு வரமாட்டாளாமே?"

குணசுந்தரி துடைப்பத்தைக் கீழே போட்டாள். உள்ளே போனாள். அப்பா சுவரைப் பார்த்து நின்று, சுண்ணாம்பின் கடைசிப் பூச்சை அடித்துக்கொண்டிருந்தார். ஆணியில் தொங்கிய பூட்டையும் சாவியையும் எடுத்தாள். அம்மாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். கதவை இழுத்துப் பூட்டினாள்.

"பாப்பா? கதவு இன்னாத்துக்கு சாத்திக்கினு கீது? பாப்பா?"

அம்மாவின் இடது காது வீட்டுப் பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொண்டு, அவள் தெருவில் இறங்கி நடந்தாள்.