டக்டக் பாயின் சுத்தியல்

வளைகுடாவில் பிழைக்க வந்த தமிழர்களுள் டக்டக் பாயைவிடப் பயந்த மனிதர் எவரும் இருந்ததில்லை. குளச்சல் கடற்கரையில் பிறந்தவர். ஆனால் நாங்கள் இருந்த தேரா பகுதியில் கழிமுகத்தைக் கடக்கப் படகில் ஏறமாட்டார். பேருந்தில் ஊரையே சுற்றி அக்கரை சேர்வார். அறையில் குக்கர் சத்தமிட்டால் மாடிப்படியில் போய் நிற்பார். அங்கே எல்லோரையும் அழைப்பதுபோல் அவருக்கும் ஒட்டிக்கொண்ட பாய் என்ற பெயரை நம்பிப் பலர் அவருக்கு ரம்ஜான் வாழ்த்துக் கூறினார்கள். சட்டைக்குள் மாதா பதக்கம் அணிந்திருந்த அவர், மறுத்துச் சொல்லப் பயந்து எல்லோருக்கும் நன்றி கூறினார்.

இத்தகையவர் பார்த்த வேலை, பாலைவன ஓரத்துத் துப்பாக்கிச் சுடும் கிளப் ஒன்றில் தோட்டா நிரப்புவது. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் புதிதாக வெடிமருந்தைப் போட்டு, அதன் வாயில் குண்டை வைத்து அழுத்த வேண்டும்.

"மெக்கானிக் வேலைன்னு சொல்லித்தான் சாரே கூட்டிட்டு வந்தாவ. என்ன மெஷின்னு கேக்கப் பயமா இருந்து."

நான் அங்கே நிர்வாக அலுவலர். அவருடைய அறைக்கும் என் மேசைக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

நிரப்பியதில் தவறு நேர்ந்தால் குண்டைத் திரும்பக் கழற்ற வேண்டும். அதற்கு அவரிடம் ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் இருந்தது. அதன் தலைக்குள் தோட்டாவைப் பொருத்தி மரக்கட்டையில் ஓங்கி அடித்தால், அதிர்வில் குண்டு கழன்று விழும். முறையாகச் செய்தால் வெடிக்காது என்று எல்லாரும் சொன்னார்கள். சொன்னவர்கள் யாரும் அடிக்கும்போது அருகில் நிற்கவில்லை. பாய் ஒவ்வொரு அடிக்கும் முன்பு சுவருக்கு அப்பாலிருந்து குரல் கொடுப்பார்.

"சாரே, இருக்கியளா?"

"இருக்கேன், அடிங்க."

டக்.

நான் பதில் தராவிட்டால் அடி விழாது. ஆகவே அடித்து முடியும்வரை நான் நாற்காலியை விட்டு எழக்கூடாது. ஒருநாள் தொலைபேசியில் என் மனைவி என்ன சத்தம் என்று கேட்டாள். பக்கத்து அறையில் ஆணி அடிக்கிறார்கள் என்றேன்.

"ஒரு ஆணி அடிக்கறதுக்கு ஏங்க ஒவ்வொரு தடவையும் உங்ககிட்ட உத்தரவு கேக்கறாங்க?"

அவளிடம் எந்தப் பொய்யும் நெடுநேரம் நின்றதில்லை.

பாய்க்கு வேறொரு கருவிமேல் காதல் இருந்தது. அது நிரப்பும் இயந்திரத்திலேயே பொருந்திக்கொள்ளும். குண்டின் மூக்கை இறுகப் பிடித்துச் சத்தமின்றி உருவி எடுக்கும். மேலாளரிடம் பல மாதம் மன்றாடியபின் அதை வரவழைத்தேன். அன்று அவர் சுத்தியலைக் கொண்டுவந்து என் அலமாரியில் வைத்துப் பூட்டச் செய்தார்.

"நானே வந்து காலைப் பிடிச்சாலும் தரப்பிடாது, கேட்டியளா?"

அதன்பின் அவருடைய அறையில் அமைதி நிலவியது. கைத்துப்பாக்கிப் போட்டி நடக்கவிருந்த நாளின் காலையில், வெளிறிய முகத்துடன் பாய் என் முன்னால் வந்து நின்றார்.

"நேத்து மருந்து போட்டுட்டு இருக்கும்போ ஏசி உறுமிச்சு. நான் வெளிய ஓடிட்டேன். திரும்பி வந்து, போட்ட கூட்டுலயே மறுபடியும் போட்டுட்டனோன்னு ராத்திரி முழுக்க ஒரே சந்தேகம்."

இரட்டிப்பு மருந்து ஏறிய ஒரு தோட்டா போதும். துப்பாக்கி சிதறும், பிடித்தவர் கையோ கண்ணோ போய்விடும். கூடுகளின் எடை ஒன்றுபோல் இராததால் நிறுத்துப் பார்த்தும் பயனில்லை. பெட்டி முழுவதையும் கழற்றியாக வேண்டும். கேப்டன் என்று நாங்கள் அழைத்த மேலாளர் கடிகாரத்தைப் பார்த்து, "யல்லா பாய், ஜல்தி," என்றார்.

புதிய கருவியிடம் போன பாய் உடனே திரும்பி வந்தார். கையில் ஒரு போட்டித் தோட்டா. காகித இலக்கில் துளை சுத்தமாக விழுவதற்காக அதன் குண்டு தட்டையாக இருந்தது. கூட்டின் விளிம்போடு விளிம்பாக உள்ளே அமுங்கியிருந்தது. கருவி பிடிப்பதற்கு மூக்கே இல்லை.

"சாரே, அலமாரியைத் திறங்க."

"தரக்கூடாதுன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். காலைப் பிடிக்கவா?"

திறந்தேன். அவர் அடிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு அடிக்கும் கேள்வி, பதில், டக். என் சட்டை முதுகோடு ஒட்டியது. கேப்டன் தம் காரைச் சற்றுத் தள்ளி நிறுத்தினார்.

நண்பகலுக்குப் பின் கேள்வி நின்றது. எட்டிப் பார்த்தேன். பாய் தரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் ஏந்திய கிண்ணத்தில், மற்றவற்றில் இருந்ததைப்போல் இரு மடங்கு மருந்து.

வாசலுக்கு வந்த கேப்டன் குனிந்து அதைப் பார்த்தார். "கலாஸ், முடிந்தது," என்றார் தாழ்ந்த குரலில். "கிடைத்துவிட்டது. எழுந்திரு பாய்."

பாய் எழுந்தார். அடுத்த தோட்டாவை எடுத்தார்.

"ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இருக்காதா? சாரே, நீங்க போய் நாற்காலில இருங்க."

போட்டி மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று. இன்னொன்று இருக்கவில்லை. கடைசித் தோட்டா வரை அவர் கேட்டார், நானும் பதில் சொன்னேன்.

இப்போது அவர் குளச்சலில் இருக்கிறார், நான் சென்னையில். சென்ற ஆண்டு என் மனைவி காலமானாள். அதிலிருந்து ஒவ்வொரு மாலையும் என் தொலைபேசி ஒலிக்கிறது. அவர் ஆறுதல் எதுவும் சொல்வதில்லை; அதற்கும் பயம்தான்.

"சாரே, இருக்கியளா?"

"இருக்கேன், பாய்."

அவ்வளவுதான், வைத்துவிடுகிறார். அந்த மணி ஒலிக்கும்வரை நானும் நாற்காலியை விட்டு எழுவதில்லை.